ஹெஷெனின் சொத்துப் பட்டியல் இருக்கிறது. கொடுத்தவர்களின் பட்டியல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், சீனத்தின் சிங் வம்சப் பேரரசர் சியென்லோங்கின் அவையில் கால் நூற்றாண்டுக் காலம் கோலோச்சிய ஹெஷென் என்னும் அமைச்சரைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சீன வரலாறு குறித்துத் தமிழ் நாளிதழ்களில் எழுதுவோர் மிகக் குறைவு. அதற்காகத் தங்களுக்கு முதலில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆயினும் அக்கட்டுரையின் இரண்டு கூற்றுகளை மறுக்காமல் இருக்க மனம் ஒப்பவில்லை. ஹெஷென் 80 கோடி டேல் வெள்ளி சேர்த்து வைத்திருந்தார் என்பது ஒன்று. 1799இல் அவர் ஒழிந்ததோடு சீன அரசைப் பிடித்திருந்த லஞ்ச நோயும் ஒழிந்தது என்பது மற்றொன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் தணிக்கைத் துறையில் கணக்கேடுகளைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலாவது கூற்று கணக்கில் உதைக்கிறது, இரண்டாவது கூற்று நடந்தவற்றோடு பொருந்தவில்லை. இரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை என்பதால்தான் இக்கடிதம் சற்று நீண்டுவிட்டது.

முதலில் அந்த 80 கோடி. டேல் என்பது சுமார் 37 கிராம் வெள்ளி. சியென்லோங் ஆட்சியின் பிற்பகுதியில் பேரரசின் ஆண்டு வரவு, நிலவரி, உப்பு வரி, சுங்கம் எல்லாம் சேர்த்து, 4 கோடி டேலைச் சற்றுத் தாண்டியது. ஹெஷென் உயர்பதவியில் இருந்தது 1776 முதல் 1799 வரை, அதாவது 23 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளின் மொத்த வரவையும் கூட்டினால் ஏறக்குறைய 100 கோடி வரும். அதில் 80 கோடி ஒரே வீட்டுக்குப் போயிருந்தால் படைகளுக்குச் சம்பளம் ஏது, கரை கட்டக் காசு ஏது, நேபாளத்துக் கூர்க்காக்களோடு போரிடச் செலவு ஏது? அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் கருவூல இருப்பு 7 கோடி டேலை ஒட்டியே இருந்திருக்கிறது. கணக்கில் ஏறாத வசூல் ஏராளமாக நடந்தது உண்மைதான். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் இந்தத் தொகைக்கு இடமில்லை. இது பின்னாளில் வாய்வழியாகவும் நாட்டுப்புறக் குறிப்புகள் வழியாகவும் ஊதிப் பெருத்த எண். வரலாற்றாசிரியர்கள் பலர் இதை ஏற்பதில்லை.

எண் தவறாக இருந்தால் என்ன, ஊழல்வாதி ஊழல்வாதிதானே என்று வாசகர்கள் கேட்கலாம். எண் பெருகப் பெருக, ஒரு நாடு முழுக்க நடந்த களவு ஒரே மனிதனின் நிலவறைக்குள் போய் அடங்கிவிடுகிறது. மற்ற எல்லோருடைய கைகளும் சுத்தமாகிவிடுகின்றன. என் மறுப்பு இந்த இடத்தில்தான்.

ஹெஷெனின் ஏற்றம் வியப்புக்குரியது என்பதில் கட்டுரையாளரோடு எனக்கு வேறுபாடில்லை. 1750இல் மஞ்சு இனத்தின் நியோஹுரு குலத்தில் பிறந்தவர். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர். அரண்மனை வளாகத்தில் மஞ்சு படைப்பிரிவினரின் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியில் படித்தவர். 1772இல் மூன்றாம் நிலை மெய்க்காவலராகச் சேர்ந்தார். 1775இல் பேரரசரின் கண்ணில் பட்டார். மறு ஆண்டு, அதாவது 26 வயதில், வருவாய் அமைச்சகத்தின் துணை அமைச்சர், பேரரசின் உயர் ஆலோசனை மன்ற உறுப்பினர், அரண்மனை நிர்வாகத் துறையின் அமைச்சர் என்று மூன்று பதவிகள் சில மாத இடைவெளியில் அவரைத் தேடி வந்தன. இதை வெறும் முகத்தோற்றத்தால் வந்த அதிர்ஷ்டம் என்று கட்டுரை சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. மஞ்சு, சீனம், மங்கோலியம், திபெத்தியம் ஆகிய நான்கு மொழிகளையும் அறிந்து, ஆணைகளை உடனுக்குடன் வரையத் தெரிந்தவர் என்று சியென்லோங்கே அவரைப் பாராட்டியிருக்கிறார். 1780இல் யுன்னானுக்குச் சென்று, அங்கே தலைமை ஆளுநராக இருந்த லி ஷியாவின் மீதான லஞ்சப் புகாரை விசாரித்துக் குற்றத்தை நிறுவி வந்ததும் அவர்தான். பின்னாளில் ஊழலின் மறுபெயராக ஆனவர், ஊழல் விசாரணை அதிகாரியாகத்தான் முதலில் பேரெடுத்தார். திரும்பி வந்ததும் வருவாய் அமைச்சர் ஆனார். அதே ஆண்டில் அவருடைய மகனுக்குப் பேரரசரின் கடைசி மகளை நிச்சயம் செய்தார்கள். 1790இல் திருமணமும் நடந்தது. தாய்தந்தையற்று வளர்ந்த மெய்க்காவலர் பேரரசருக்குச் சம்பந்தி ஆனார்.

இதற்குப் பின் அவர் கையில் குவிந்தவற்றைக் கவனியுங்கள். நாட்டின் கருவூலம், பேரரசரின் சொந்தக் கருவூலமான அரண்மனை நிர்வாகம், தலைநகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வாங்கும் சோங்வென் வாயில் சுங்கம், 1784 முதல் அதிகாரிகளை நியமிக்கும் அமைச்சகம், இவை அனைத்துக்கும் மேலாக எல்லா அறிக்கைகளும் வந்து சேரும் உயர் ஆலோசனை மன்றம். காசாளரும் கணக்கரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது எங்கள் துறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுக்கப்படும் விதி. அந்த விதியை மீறி ஒரு மனிதரிடம் இத்தனையையும் ஒப்படைத்தவர் ஹெஷென் அல்லவே. அறுபது ஆண்டுகள் அரியணையில் இருந்த, நிர்வாகத்தின் நுணுக்கம் அனைத்தும் அறிந்த சியென்லோங்தான்.

ஊதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாவட்டத்தை நிர்வகித்து வரியும் வசூலிக்கும் அதிகாரியான மாவட்ட நடுவருக்கு ஆண்டுச் சம்பளம் 45 டேல். முதல் நிலை அதிகாரிக்கு 180 டேல். இதில் குடும்பமும் நடத்தி, எழுத்தர்களுக்கும் கூலி கொடுக்க முடியாது என்பதை உணர்ந்த யோங்செங் பேரரசர், அதாவது சியென்லோங்கின் தந்தை, 1720களில் ஒரு சீர்திருத்தம் செய்தார். வெள்ளியை உருக்கும்போது ஏற்படும் சேதாரத்துக்கு என்று சொல்லி அதிகாரிகள் மக்களிடம் தாறுமாறாக வாங்கி வந்த கூடுதல் தொகையை முறைப்படுத்திக் கணக்கில் கொண்டுவந்து, அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் கூடுதல் ஊதியம் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதற்கு ‘நேர்மையை வளர்க்கும் வெள்ளி’ என்று பெயர். தலைமை ஆளுநர்களுக்கு அது ஆண்டுக்குப் பத்தாயிரம் டேலுக்கும் மேல் வந்தது. உலக நிர்வாக வரலாற்றிலேயே மதிப்போடு நினைக்கத்தக்க ஏற்பாடு இது என்பது என் கருத்து.

மகன் அதைக் கெடுத்தார். தவறு செய்த ஆளுநரைப் பதவிநீக்கம் செய்வதற்குப் பதிலாக, அவர் தாமாகவே தம் குற்றத்துக்கு ஒரு தொகையை நிர்ணயித்துக் கட்டிவிட்டுப் பதவியில் தொடரலாம் என்ற வழக்கம் சியென்லோங்கின் பிற்காலத்தில் வேரூன்றியது. ‘குற்ற ஒப்புதல் வெள்ளி’ என்று அதைச் சொல்லலாம். தொகை பல்லாயிரம் டேலில் தொடங்கி லட்சங்களைத் தொட்டது. இந்த வரவு நாட்டின் கருவூலத்துக்கு முறையாக வரவில்லை. பெரும்பாலும் பேரரசரின் அரண்மனைக் கணக்குக்குப் போயிற்று. இதற்கெனத் தனியே ஓர் இரகசியப் பதிவகம் இருந்தது. அதை நடத்தியவர் ஹெஷென். ஆண்டு ஊதியத்தைப் போலப் பல மடங்கு அபராதம் கட்டிய ஓர் ஆளுநர் அதை எங்கிருந்து ஈடுசெய்வார்? தம் கீழ் உள்ளவர்களிடமிருந்து. அவர்கள்? மாவட்ட நடுவர்களிடமிருந்து. நடுவர்கள் உழவனிடமிருந்து. அரண்மனையின் பூட்டிய கணக்கேட்டில் வரவு வைக்கப்பட்ட ஒவ்வொரு டேலும் ஏதோ ஒரு கிராமத்தில் அடித்துப் பிடுங்கப்பட்டது. ஹெஷென் இதில் தமக்கென ஒரு பங்கை எடுத்துக்கொண்டார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் முதலில் தம் எசமானருக்காகத்தான் வசூலித்தார். சலிக்காமல் பணம் கொண்டுவந்து கொட்டிய ஒருவரை அந்த எசமானர் ஏன் சந்தேகிக்கப் போகிறார்?

இனி, கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத மூன்று மனிதர்களைப் பற்றி எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

1782இல் சியென் ஃபெங் என்ற கண்காணிப்பு அதிகாரி, ஷான்தோங் மாகாண ஆளுநர் குவோதாய் அரசுப் பணத்தைத் தின்றுவிட்டார் என்று முறையிட்டார். குவோதாய் ஹெஷெனுக்கு வேண்டியவர். விசாரணைக்கு ஹெஷெனையும், லியு யோங் என்ற மூத்த அதிகாரியையும், புகார் கொடுத்த சியென் ஃபெங்கையும் சேர்த்தே பேரரசர் அனுப்பினார். செய்தி முன்கூட்டியே குவோதாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜினான் நகரக் கருவூலத்தைத் திறந்தபோது இருப்பு சரியாக இருந்தது. சில கட்டிகளை எடுத்துப் பார்த்துவிட்டு, குறைவில்லை என்று ஹெஷென் விடுதிக்குக் கிளம்பினார். சியென் ஃபெங் கருவூலத்துக்கு முத்திரையிடச் சொன்னார். மறுநாள் மீண்டும் திறந்து வெள்ளியையே உற்றுப் பார்த்தார். அரசு வெள்ளி என்றால் 50 டேல் எடையுள்ள ஒரே அளவுக் கட்டிகளாக இருக்க வேண்டும். அங்கே இருந்தவற்றில் பல வெவ்வேறு அளவும் தரமும் கொண்ட வணிகர் வெள்ளி. கருவூலத்துக்குக் கடன் கொடுத்த வணிகர்கள் உடனே வந்து பெற்றுச் செல்லலாம், தாமதித்தால் அரசுடைமை ஆகிவிடும் என்று அறிவிக்கச் செய்தார். வணிகர்கள் திரண்டு வந்து எடுத்துச் சென்றார்கள், கருவூலம் காலியாயிற்று. மாகாணம் முழுவதும் கணக்கிட்டபோது பற்றாக்குறை 20 லட்சம் டேல் அளவுக்கு இருந்தது. குவோதாய்க்குத் தற்கொலைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை முதன்முதலில் படித்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தின் ரொக்க இருப்பைச் சரிபார்க்கப் போனபோது, தொகை பைசா பிசகாமல் இருந்தது; ஆனால் பெட்டகத்திலிருந்த நோட்டுக் கட்டு ஒன்றின் நடுவில் உள்ளூர்த் துணிக்கடையின் விற்பனைச் சீட்டு ஒன்று செருகியிருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜினானில் ஒருவர் வெள்ளிக் கட்டியைக் கையில் ஏந்தி நின்ற கணத்தை நான் அறிவேன் என்று தோன்றியது.

அடுத்தவர் சாவ் ஷிபாவ். ஹெஷெனின் வேலையாள் லியு சுவான் தன் தகுதிக்கு மீறிய மாளிகை கட்டி, வண்டியும் ஆடையுமாகச் செருக்கோடு வாழ்கிறான் என்று 1786இல் முறையிட்டவர். எசமானரை நேரே தொட முடியாமல் வேலையாளைத் தொட்டார். முறையீட்டின் செய்தி நண்பர் ஒருவர் வழியாகவே ஹெஷெனுக்குக் கசிந்தது. விசாரிப்பவர்கள் வருவதற்குள் அந்த வீடு இடிக்கப்பட்டுத் தடயம் அழிக்கப்பட்டது. ஆதாரமற்ற புகார் கொடுத்ததாகத் தண்டிக்கப்பட்ட சாவ், தம் சொல் மெய்யென்று நிறுவப்படும் நாளைக் காணாமலேயே இறந்து போனார்.

மூன்றாமவர்தான் எனக்கு நெருக்கமானவர். யுன்னானைச் சேர்ந்த யின் சுவாங்தூ, 1790இல், எவர் பெயரையும் சொல்லாமல், அந்தக் குற்ற ஒப்புதல் வெள்ளி என்ற முறையையே நிறுத்த வேண்டும் என்று எழுதினார். தண்டம் கட்டிய ஆளுநர்கள் கீழே உள்ளவர்களின் தயவில் வாழ்கிறார்கள், அவர்கள் கருவூலத்தில் கைவைத்தாலும் கண்டிக்க முடியாமல் போகிறது, மாகாணக் கருவூலங்களில் பற்றாக்குறை இருக்கிறது என்பது அவர் வாதம். எண்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடிய சியென்லோங் சினந்தார். சரி, நீயே போய்ப் பார் என்று அவரைச் சிங்செங் என்ற மஞ்சு அதிகாரியோடு மாகாணம் மாகாணமாக அனுப்பினார். சிங்செங்குக்கு அரசுச் செலவில் பயணம். யின் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை என்பதால் அவருக்குப் படி கிடையாது. இவர்கள் வருகிறார்கள் என்ற அறிவிப்பு இவர்களுக்கு முன்பே விரைவுக் குதிரைகளில் பறந்தது. போய்ச் சேர்ந்த இடமெல்லாம் கருவூலம் நிறைந்திருந்தது. ஷான்தோங்கில் எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நாடே அறியும். இந்த முறை பேரரசர் அறிய விரும்பவில்லை, அவ்வளவுதான். யின், தாம் சொன்னது தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று; மரண தண்டனைக்குப் பரிந்துரைக்கப்பட்டு, பதவியிறக்கத்தோடு தப்பினார்.

இவ்விடத்தில் ஹெஷென் குறுக்கே நிற்காத வழக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1781இல் கான்சு மாகாணத்தில் கலகத்தை அடக்கச் சென்ற ஹெஷெனும் தளபதி அகுயியும் அனுப்பிய அறிக்கைகளில், மழையால் படை நகரத் தாமதமாகிறது என்ற செய்தி இருந்தது. ஆண்டுதோறும் வறட்சி என்று சொல்லி நிவாரணக் கணக்கு எழுதிவந்த மாகாணம் அது! விசாரித்தபோது, வாங் தான்வாங் என்ற அதிகாரி தொடங்கி மாகாணத்தின் ஏறக்குறைய எல்லா அதிகாரிகளும் இல்லாத வறட்சிக்கு நிவாரணம் எழுதிப் பங்கிட்டுக்கொண்டது வெளிப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை. அதன் பின்னும் என்ன நடந்தது தெரியுமா? வாங்கிடமிருந்து பறிமுதல் செய்த தங்கத்தை வெள்ளியாக மாற்றி எழுதித் தமக்கு ஒதுக்கிக்கொண்டார், பறிமுதலை மேற்பார்வையிட்ட தலைமை ஆளுநர் சென் ஹுவேசூ. ஒருவரைக் கொன்று ஒழிப்பதால் தீரும் நோயாக இது இருந்திருந்தால், ஐம்பது பேர் தலை உருண்ட பிறகு கான்சுவோடு முடிந்திருக்க வேண்டும்.

1793இல் ஆங்கிலத் தூதராகச் சீனம் சென்று ஹெஷெனைச் சந்தித்த மெக்கார்ட்னியைப் பற்றிக் கட்டுரை இரண்டு வரி எழுதியிருக்கிறது. அவர் அதற்கு முன் 1781 முதல் 1785 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர் என்பதையும் தமிழ் வாசகருக்குச் சொல்லியிருக்கலாம். ஆற்காட்டு நவாபின் கடன் பத்திரங்களை வைத்துக் கம்பெனி ஊழியர்கள் கோடிகள் சேர்த்த நகரம் அன்றைய சென்னை. அங்கே அன்பளிப்பு வாங்க மறுத்ததற்காகப் பலரின் பகையைச் சம்பாதித்தவர் மெக்கார்ட்னி. அத்தகையவர் ஹெஷெனைப் பார்த்து, நாற்பதைக் கடந்த, அழகிய தோற்றமும் விரைவான பேச்சும் கொண்ட மனிதர் என்று குறித்து வைத்தார். தூதுக்குழுவின் மருத்துவர் கில்லன், ஹெஷெனின் மூட்டுவலியையும் குடலிறக்கத்தையும் சோதித்துச் சொன்னார். வணிகச் சலுகை எதுவும் கிடைக்காமல் அவர்கள் திரும்பினார்கள்.

பாட்டனார் காங்சியின் 61 ஆண்டு ஆட்சியை மிஞ்சக் கூடாது என்று 1796இல் சியென்லோங் அரியணையை மகன் ஜியாச்சிங்கிடம் ஒப்படைத்தார், அதிகாரத்தை ஒப்படைக்கவில்லை. முதிர்ந்து தளர்ந்த தந்தையின் சொல்லை வெளியே கொண்டுவருபவராக ஹெஷென் இருந்தார். புதிய பேரரசர் மூன்று ஆண்டுகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அதே 1796இல் வெண்தாமரைக் கலகம் மூண்டது. ஊர் ஊராக அதிகாரிகளின் பிடுங்கலுக்கு ஆளான மலைநாட்டு மக்கள் எழுந்த அந்தக் கலகம் 1804 வரை நீண்டு, 10 கோடி டேலுக்கும் மேல் விழுங்கியது.

1799 பிப்ரவரி 7 அன்று சியென்லோங் மறைந்தார். மறுநாளே, இறந்தவரின் பேழைக்கு இரவும் பகலும் காவலிருக்கும்படி ஹெஷெனுக்கு ஆணை. துக்கத்தின் பெயரால் வெளியுலகத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. 12ஆம் நாள் கைது. மொழியியல் அறிஞராகப் பின்னர் பெரும்புகழ் பெற்ற வாங் நியென்சுன் முதலியோர் எழுதிய குற்றச்சாட்டுகளே அதற்கு முகாந்திரம். அணுஅணுவாக வெட்டிக் கொல்ல வேண்டும் என்றனர் சிலர். மருமகளான இளவரசி கெஞ்சியதால், 22ஆம் நாள், ஒரு வெண்பட்டுத் துணியை அனுப்பித் தாமே உயிரை மாய்த்துக்கொள்ளும் ‘சலுகை’ தரப்பட்டது. ஹெஷெனின் கூட்டாளியாக அரசில் உடனிருந்து உழைத்த ஃபூசாங்ஆன் என்பவரை அருகில் மண்டியிட வைத்து அந்தச் சாவைப் பார்க்கச் செய்தார்கள். பின்னாளில் அவர் விடுவிக்கப்பட்டார். தந்தை இறந்து பதினைந்து நாட்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வேகத்தைக் கட்டுரையாளர் வியக்கிறார். எனக்கு அந்த வேகமே ஐயத்தைத் தருகிறது. ஜியாச்சிங் அறிவித்த 20 குற்றங்களின் பட்டியலை ஒரு தணிக்கையாளராகப் படித்துப் பாருங்கள். முதற்குற்றம், ஜியாச்சிங் பட்டத்து இளவரசர் என்று வெளியே அறிவிக்கப்படுமுன் அவருக்கே அதைக் குறிப்பால் உணர்த்தியது. அடுத்து, அரண்மனைக்குள் குதிரையேறி வந்தது, பல்லக்கில் வந்தது, போர்ச் செய்திகளைத் தாமதப்படுத்தியது என்று போகிறது. பன்னிரண்டு குற்றங்களுக்குப் பிறகுதான் சொத்து வருகிறது. அரண்மனை மண்டபத்தைப் பார்த்துக் கட்டிய வீடு. 200க்கும் மேற்பட்ட முத்து வளைமாலைகள். பேரரசரின் தலையணியில் உள்ளதைவிடப் பெரிய முத்து. சுவருக்குள் ஒளித்த 26,000 டேலுக்கு மேற்பட்ட தங்கம். தலைமை அமைச்சராக இருந்துகொண்டு ஏழைகளோடு போட்டியிட்டு நடத்திய அடகுக் கடைகள். இருபதாவதாக, வேலையாள் லியு சுவானிடம் பறிமுதலான இரண்டு லட்சம் டேலுக்கும் மேற்பட்ட சொத்து. சாவ் ஷிபாவ் 13 ஆண்டுகளுக்கு முன் சொன்னது மெய்யாயிற்று. இறந்தவருக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

ஆனால் இன்னார் கொடுத்தார், இன்ன பதவிக்காகக் கொடுத்தார், இன்ன குற்றத்தை மறைக்கக் கொடுத்தார் என்ற வரி அந்த இருபதில் ஒன்றிலும் இல்லை. இருப்பு மட்டும் எழுதப்பட்டது. வரவு யாரிடமிருந்து என்பது எழுதப்படவில்லை. ஹெஷென் இறந்த மறுநாள், அவரால் பதவி பெற்றவர்களையும் அவர் வாசலில் காத்துக் கிடந்தவர்களையும் மேற்கொண்டு தோண்டப் போவதில்லை என்று பேரரசர் ஆணையிட்டார். அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது: கலகம் எரிந்துகொண்டிருக்கும்போது பாதி அதிகாரிகளைச் சிறையிலடைத்தால் ஆள யார் இருப்பார்கள்? அதோடு, கொடுத்தவர்களைத் தேடிப்போனால் தேடல் இறந்த தந்தையின் இரகசியப் பதிவகத்தில் போய் நின்றிருக்கும். ஜியாச்சிங் நல்லெண்ணம் கொண்டவர் என்றே நினைக்கிறேன். அன்பளிப்புகளைத் தடைசெய்தார்; மேற்கிலிருந்து தலைநகருக்கு இழுத்துவரப்பட்ட பச்சைக்கல் பாறைகளை வழியிலேயே போட்டுவிடச் சொன்னார். ‘ஹெஷென் விழுந்தார், ஜியாச்சிங் வயிறு நிறைந்தார்’ என்று மக்கள் பேசிக்கொண்டது அவருக்கு இழைத்த அநீதியாகவும் இருக்கலாம்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி மால்தஸுக்கு முன்பே எழுதிய அறிஞர் ஹோங் லியாங்ஜி, ஹெஷெனின் ஆட்கள் இன்னும் பதவிகளில் இருக்கிறார்கள் என்று பெயர்களைக் குறித்து, பேரரசரும் அவைக்குத் தாமதமாக வருகிறார் என்று சேர்த்து, இளவரசர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் மேற்கெல்லையிலுள்ள இலிக்கு நாடுகடத்தப்பட்டார். 1800இல் மழை பொய்த்தபோது பேரரசர் மனம் மாறி அவரை விடுவித்தார். அக்கடிதத்தைத் தம் இருக்கைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டார். கடிதத்தில் இருந்த பெயர்கள்மீது பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

1808இல், ஹெஷென் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், உயர்தேர்வில் அவ்வாண்டுதான் தேறிய லி யுசாங் என்ற இளைஞர், வெள்ள நிவாரணப் பணம் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா என்று பார்க்க ஜியாங்சு மாகாணத்தின் ஷான்யாங் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டார். ஊரூராகச் சென்று பெயர்ப் பட்டியலை ஆட்களோடு ஒப்பிட்டார். மாவட்ட நடுவர் வாங் ஷென்ஹான் பங்கு தருவதாகச் சொன்னதை மறுத்தார். நடுவரின் ஆட்கள், லியின் வேலையாட்களையே விலைக்கு வாங்கி, அவருக்கு நஞ்சு கொடுத்து, தூக்கில் தொங்கவிட்டுத் தற்கொலை என்று எழுதினார்கள். மேலதிகாரிகளும் ஒப்பமிட்டார்கள். உடைமைகளைப் பெற்றுக்கொண்ட சிற்றப்பா, ஆடையில் இருந்த இரத்தக் கறையைக் கண்டு தலைநகருக்குச் சென்று முறையிட்டதால்தான் உண்மை வெளியே வந்தது. 1809இல் குற்றவாளிகள் கொல்லப்பட்டார்கள். பேரரசர் அந்த இளைஞருக்காக நீண்ட கவிதை ஒன்றே எழுதினார். அந்த நடுவர் ஹெஷெனின் ஆள் அல்லர். ஹெஷெனிடம் அவருக்கு எந்தத் தேவையும் இருந்ததில்லை.

கணக்குப் பார்க்கப் போன ஒரு பிள்ளை இப்படிச் செத்த செய்தியை என்னால் வெறும் வரலாறாகப் படிக்க முடியவில்லை.

அடுத்த இணைப்பிதழில் இத்தொடரின் மறுபகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் 80 கோடி என்ற எண்ணைத் திருத்தி வெளியிடவும், முடிந்தால் யின் சுவாங்தூவுக்கும் லி யுசாங்குக்கும் ஒரு பத்தியேனும் ஒதுக்கவும் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். ஹெஷெனின் மாளிகையும் தோட்டமும் இளவரசர் குங்கின் மாளிகை என்ற பெயரில் பெய்ஜிங்கில் இன்றும் நிற்கின்றன. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அதன் படத்தைப் பெரிதாகப் போட்ட பக்கத்தில், ஷான்யாங்கில் பட்டியலோடு ஊரூராக நடந்தவனின் பெயர் சிறிய எழுத்திலாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர்,
திருச்சிராப்பள்ளி